சிரிக்கும்போது காலைப் பாருங்கள்

எழுத்தில் பிசகு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். சந்தேகம் வந்தால் மருமகளைக் கேட்டுத்தான் எழுத்துப் போடுவேன். அவள் பிரசவத்துக்காகப் பக்கத்து ஊர் பிரம்மதேசத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். மறதியும் வந்துவிட்டது. அடுப்பில் பால் வைத்தது மறக்கிறது, முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்கிறேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

போன மழைக்காலத்தில் என் மகன் நிறையச் சிரித்தான். எனக்குப் பயம் அங்கேதான் ஆரம்பித்தது.

அவன் சம்பளத்துக்குக் கால்பந்து விளையாடுகிறவன். பாண்டிச்சேரி முதலாளி ஒருவர் நடத்துகிற டீம். இரும்பை என்கிற ஊரைத் தாண்டி ஆரோவில் பக்கம் அவர்களுக்கு ஒரு மைதானம் இருக்கிறது. கோலுக்கு முன்னால் நின்று எதிராளியை மறிக்கிற வேலை இவனுக்கு. அதற்கு ஸ்டாப்பர் என்று பெயர். பல வருடமாக அந்த இடத்தில்தான் நிற்கிறான். வீட்டில் என்ன பேச்சு என்றாலும் கடைசியில் அந்த டீமில் வந்துதான் முடியும்.

அந்த டீம் தோற்றுக்கொண்டே இருந்தது. போன சீசனில் எல்லாருக்கும் கீழே கடைசியில் நின்றது. இன்னொரு முறை கடைசியில் வந்தால் முதலாளி மூடிவிடுவார் என்று பேச்சு. தோற்ற சீசன் முடிந்து மகன் வீட்டுக்கு வந்தான். முகம் தொங்கிப்போய் வருவான், இரண்டு நாள் சாப்பிட மாட்டான் என்று நினைத்திருந்தேன். அவன் சிரித்துக்கொண்டு வந்தான். பாயில் இருந்து எழுந்திருக்கும்போது ஒரு ஜோக். படி இறங்கும்போது ஒரு ஜோக். என் கொண்டையைப் பற்றி, அப்பாவின் குறட்டையைப் பற்றி, பக்கத்து வீட்டுக் கோழியைப் பற்றி. நானும் முதலில் சிரித்தேன். பிறகு ஒரு நாள் கவனித்தேன். உட்கார்ந்திருக்கும்போது அவன் ஜோக் சொல்வதே இல்லை. எழுந்திருக்கும்போதும் இறங்கும்போதும் மட்டும்தான் சொல்கிறான்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. அதைச் சொல்ல வேண்டுமானால் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் உப்பளத்தில் பொங்கல் கழிந்து தண்ணீர் வற்றியதும் பாத்தி மிதிக்க, அதாவது உப்பு விளைகிற தரையைக் காலால் மிதித்து இறுக்க, ஆள் எடுப்பார்கள். மேஸ்திரி வரப்பின் முனையில் நிற்பார். கூடை நிறைய ஈரக் களிமண்ணைத் தலையில் வைத்து, அந்த ஒற்றையடி வரப்பில் நடந்து காட்ட வேண்டும். தடுமாறுகிறவருக்கு அந்த வருடம் வேலை இல்லை. ஆனால் உப்புத் தண்ணீரில் நிற்கிற யாருக்குத்தான் கால் நன்றாக இருக்கிறது? புண் இல்லாத பாதம் கிடையாது. அதனால் எல்லாருக்கும் ஒரு வித்தை உண்டு. என் வீட்டுக்காரர் வித்தைதான் ஊரில் பெரிய வித்தை. கெண்டைக்காலை ஈரத் துணியால் இறுக்கிக் கட்டுவார். கெட்ட காலை முதலில் வைப்பார். வைக்கிற அந்த நேரத்தில் மேஸ்திரியைப் பார்த்துக் கத்துவார்.

"மேஸ்திரி, உங்க மீசை ஒரு பக்கம் தூக்கிகினு இருக்குது. வரப்பு கோணலாத் தெரியுது பாருங்க!"

எல்லாரும் சிரிப்பார்கள். மேஸ்திரி கை மீசைக்குப் போகும். அதற்குள் இவர் கடந்துவிடுவார். காலைப் பார்க்க விடக்கூடாது, மூஞ்சியைப் பார்க்க வைக்க வேண்டும் என்பார். அப்படியே பல வருடம் ஓட்டினார். சர்க்கரை வேறு இருந்தது, அது தெரியாது எங்களுக்கு. குதிகாலில் இருந்த புண் மேலே ஏறி, கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது கக்கத்துக் கட்டையோடு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். யார் வந்தாலும் அந்த மீசைக் கதையைச் சொல்லிச் சிரிப்பார். மேஸ்திரியை ஏமாற்றிய ஆள் என்று அவருக்குக் கால் போன பிறகும் ஒரு பெருமை.

மகனைப் பற்றி அவரிடம்தான் முதலில் கேட்டேன்.

"இன்னாங்க, அவன் நடக்கிறது சரியில்ல. முட்டியில ஏதோ இருக்குது."

"நானும் பாத்தேன்" என்றார்.

"பாத்துட்டு சும்மா இருக்கிறீங்களா?"

"அவன் என் புள்ளம்மே. எப்படி நடக்கணும்னு அவனுக்குத் தெரியும்."

சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது.

டீமுக்குப் புதிதாக ஒரு கோச் வந்திருந்தார். சென்னையில் வியாசர்பாடிக்காரர். டீமைத் திரும்பக் கட்டப் போகிறார், யாரை வைத்துக்கொள்வது யாரை அனுப்புவது என்று அவர்தான் முடிவு செய்வார் என்று மகன் சொன்னான். தினமும் யாராவது ஒருவர் போன் பண்ணுவார்கள். இன்றைக்கு இவனை அனுப்பிவிட்டார்கள், நேற்று அவனை அனுப்பிவிட்டார்கள். போன் அடித்தாலே என் கை நின்றுவிடும். மகன் மட்டும் எடுத்துச் சிரித்துக்கொண்டே பேசுவான்.

மழை விட்ட ஒரு மதியம் அந்தக் கோச்சும் டீம் மேனேஜரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். மகன்தான் கூப்பிட்டிருந்தான். உப்பளம் முழுக்கத் தண்ணீர் நின்றது. வானத்துக்கும் தரைக்கும் வித்தியாசம் தெரியாத சாம்பல் நிறம். கார் சேற்றில் வராது என்று ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். நான் மீன் குழம்பும் இறால் வறுவலும் வைத்திருந்தேன். பரிமாறிவிட்டு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். எனக்கு அதுதான் இடம்.

மேனேஜர் சின்ன வயதுக்காரர். போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

"மொத்தமா மாத்திடலாம் சார். பழசு எதுவும் வேணாம். வெளியில இருந்து ரெண்டு பெரிய ஃபார்வர்டு தூக்கிட்டு வருவோம். கோல் விழுந்தா கூட்டம் வரும், கூட்டம் வந்தா முதலாளி குளிர்ந்துடுவார்."

கோச் மீன் முள்ளை ஓரமாக எடுத்து வைத்தார்.

"போன வருஷமும் அதானே பண்ணீங்க? ரெண்டு கோல் போட்டு மூணு வாங்குனா எதுக்கு? ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தற கதை. வருஷா வருஷம் எல்லாரையும் மாத்துனா அது டீம் இல்லங்க, பஸ் ஸ்டாண்டு. எவன் வர்றான், எவன் போறான்னு எவனுக்கும் தெரியாது."

"அப்ப யாரைத்தான் சார் எடுக்கிறது?"

"முதல்ல பின்னாடி கட்டணும். கோல்கீப்பரை விடக்கூடாது. அவனுக்கு முன்னாடி இவன்." என் மகன் தோளில் தட்டினார். "நடுவுல ஒருத்தன், பந்தைக் கால்ல குடுத்தா தொலைக்காதவன். இந்த மூணு பழைய ஆளும் நிக்கட்டும். மீதிக்கு இந்தப் பக்கத்துப் பசங்களா எடுப்போம். இரும்பையில ஒரு பையன் பாத்தேன், ஸ்டாப்பருக்கு அச்சு அசலா இருக்கிறான். ஆனா பச்சைப் புள்ள. இவன் பக்கத்துல நிக்க வெச்சாத்தான் கத்துக்குவான். வெளிய நின்னு கத்துனா காதுல ஏறாது. ஃபார்வர்டு கடைசியா வாங்கிக்கலாம்."

என் வீட்டுக்காரர் நாற்காலியில் இருந்தபடியே பேச்சில் நுழைந்தார். "அதான் சார் ஞாயம். பாத்தியை மொத்தமா வெட்டிப் புதுக் களிமண்ணு போட்டா அந்த வருஷம் கறுத்த உப்புதான். பழைய தரையை விட்டு வெச்சு, அது மேல மிதிக்கணும்."

"கிளப்பு உப்பளம் இல்ல பெரியவரே" என்றார் மேனேஜர்.

"சோறு ரெண்டுலயும்தானே வருது தம்பி" என்றார் இவர். கோச் உரக்கச் சிரித்தார். மேனேஜரும் வேறு வழி இல்லாமல் சிரித்தார்.

பிறகு மேனேஜர் என் மகனைப் பார்த்துக் கேட்டார். "உங்களைத்தான் நம்பிச் சொல்றாரு. வயசு ஆகுதே. முட்டி எல்லாம் எப்படி?"

"சூப்பரா இருக்குது சார்."

"கொஞ்சம் வெளியே வாங்க. காத்தாட நடந்துகினே பேசலாம்."

மகன் பாயில் இருந்து எழுந்திருக்க வேண்டியிருந்தது. எங்கள் வீடு வெள்ளத்துக்காக உயர்த்திக் கட்டியது. வாசலுக்கு இறங்கச் செங்குத்தாகப் படி இருக்கிறது. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவன் ஒரு கையைச் சுவரில் வைத்துச் சட்டென்று எழுந்தான். மேனேஜர் முதலில் இறங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மகன் காலைக் கீழே வைக்கிற அந்த நேரத்தில் கத்தினான்.

"சார், காலர்ல நண்டு!"

மேனேஜர் துள்ளிக் குதித்தார். சட்டையை உதறினார், தட்டாமாலை சுற்றினார். கோச் கை கொட்டிச் சிரித்தார். என் வீட்டுக்காரர் இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். மகன் அதற்குள் இறங்கி முடித்துவிட்டான். இறங்கும்போது அவன் முட்டி உள்பக்கமாக ஒடிந்ததை நான் பார்த்தேன். பழைய கதவின் கீல் விட்டுப்போனால் எப்படி ஆடும், அப்படி.

மேனேஜருக்குத் திருப்தி. "நல்ல ஆளுங்க நீங்க" என்று சொல்லி மகன் தோளில் கை போட்டார். அங்கேயே பேசி முடித்துவிட்டார்கள். என் மகன் டீமில் இருக்கிறான். அவனைச் சுற்றித்தான் புது டீம்.

அவர்கள் கிளம்பினார்கள். மேனேஜர் போன் பேசிக்கொண்டே வரப்பில் முன்னால் போய்விட்டார். கோச்சுக்குக் கொடுக்கக் கட்டி வைத்திருந்த கருவாட்டுப் பொட்டலம் ஜன்னலில் அப்படியே இருந்தது. மகன் எடுக்கப் போனான். "நான் குடுத்துட்டு வர்றேன்" என்றேன். அப்பாவும் மகனும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வேற்று ஆளிடம் நான் தனியாகப் போய்ப் பேசியதே இல்லை.

வரப்பில் கோச் பின்னாலேயே ஓடினேன். இரண்டு பக்கமும் தண்ணீர் அசையாமல் நின்றது. கூப்பிட எனக்குப் பெயர் தெரியவில்லை, சத்தமும் வரவில்லை. அவரே காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். பொட்டலத்தை நீட்டினேன்.

"எதுக்கும்மா இதெல்லாம். சாப்பாடே தொண்டை வரைக்கும் இருக்குது" என்றார்.

நான் போகாமல் நின்றேன். முந்தானையை வாயருகே பிடித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். சொல்ல வந்தது மகனின் முட்டி கெட்டிருக்கிறது என்பதுதான். அதைச் சொன்னால் அவன் பிழைப்பு போய்விடும், மருமகள் வயிற்றில் பிள்ளை. சொல்லாவிட்டால் கால். நாக்கு இரண்டு பக்கமும் இழுத்தது. கடைசியில் வந்தது இதுதான்.

"சார், அவன் சிரிக்கும்போது காலைப் பாருங்க."

அவர் சிரிப்பு நின்றது. முன்னால் போகிற மேனேஜரை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தெரியும்மா."

எனக்கு விளங்கவில்லை.

"நானே கூட்டிகினு போயி ஸ்கேன் எடுத்தேன். மேனேஜருக்குத் தெரியாது. தெரிஞ்சா இன்னைக்கே வெளிய அனுப்பிடுவாங்க. உங்க புள்ளைகிட்ட எல்லாம் சொல்லிட்டேம்மா. மறைக்கல. பாதி சீசன் தாங்குனாப் போதும். அதுக்குள்ள அந்த இரும்பைப் பையன் தயாராயிடுவான். உங்க புள்ளையும் சரின்னுதான் சொன்னான்."

"பாதி சீசனுக்கு அப்புறம்?"

"எனக்குக் கீழ உதவிக் கோச்சா வெச்சிக்கறேன்னு சொல்லியிருக்கேன்."

"காலு?"

பொட்டலத்தை ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். கெட்டவர் இல்லை அவர். கண்ணைப் பார்க்க முடியாமல் தண்ணீரைப் பார்த்தார். "டீம் நின்னாத்தாம்மா அவனுக்கும் சோறு" என்றார். மேனேஜர் தூரத்தில் இருந்து கூப்பிட்டார். போய்விட்டார்.

நான் அங்கேயே நின்றேன். அப்போதுதான் எனக்குக் கோடிப் பாத்தி ஞாபகம் வந்தது.

என் வீட்டுக்காரர் மீசை ஜோக்கு சொல்லி வரப்பைக் கடந்ததும், எல்லாரும் சிரித்து முடித்ததும், மேஸ்திரி ஒவ்வொரு வருடமும் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வார். "நீ போயி கோடிப் பாத்தியில நில்லு." கோடிப் பாத்தி கடைசியில் இருக்கிறது. அங்கிருந்து உப்பைச் சுமந்து வருவது தூரம். கிண்டல் பண்ணியதற்குத் தண்டனை என்று நாங்கள் நினைத்தோம். இவர் அதையும் சேர்த்துத்தான் கதை சொல்வார். ஆனால் உப்பள முதலாளி ஜீப்பில் வந்தால் ரோட்டு ஓரத்துப் பாத்திகளை மட்டும்தான் பார்ப்பார். கோடிப் பாத்திக்கு அவர் கண் போகாது. அங்கே நொண்டி நடந்தால் யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரரைப் போல உப்பு வாரத் தெரிந்த ஆள் அந்த வட்டாரத்தில் இல்லை. மேஸ்திரிக்கு உப்பு வேண்டும். கால் எப்படி இருக்கிறது என்று அவருக்கு முதல் வருடமே தெரிந்திருக்கிறது. மீசையைத் தொட்டுக்கொண்டே காலைத்தான் பார்த்திருக்கிறார்.

அன்றைக்கு நண்டு ஜோக்குக்குக் கோச் கை கொட்டியதும் அப்படித்தான். மேனேஜர் கழுத்தைத் தட்டிக்கொண்டிருந்தபோது அவர் கண் எங்கே இருந்தது என்று யோசித்தேன். என் மகன் முட்டியில்தான் இருந்தது.

பழைய தரையை விட்டு வைப்பது அதன் மேல் மிதிப்பதற்குத்தான். என் வீட்டுக்காரர் சொல்லும்போது எல்லாரும் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்தேன். மகன் எதிரே வந்தான். என் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னாம்மா சொன்ன அவர்கிட்ட?"

"உனக்குத் தெரிஞ்சே போறியாடா?"

"பாதி சீசன்தாம்மா. நான் இல்லன்னா பின்னாடி பெரிய ஓட்டை. முதல் நாலு மேட்ச் தோத்தா மூடிடுவாங்க. அப்ப எல்லாருக்கும்தான் போச்சு. அந்தப் பையனுக்கும் சேத்து."

"அந்தப் பையனை இப்பவே நிக்க வெச்சா ஆகாதா?"

"அவன் ஓடுவாம்மா. எங்க ஓடக்கூடாதுன்னு தெரியாது அவனுக்கு. அதைப் பக்கத்துல இருந்துதான் சொல்லணும்."

பந்து விளையாட்டு எனக்குத் தெரியாது. அவன் சொல்வது தப்பு என்று சொல்லவும் எனக்குத் தெரியவில்லை. கோச் சொன்ன கணக்கும் தப்பில்லை என்றுதான் தோன்றுகிறது. தோற்கிற டீமை நிமிர்த்த வேறு வழி இருக்காதோ என்னவோ. எல்லாம் சரியாக இருக்கிறது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சண்டை போட ஒருவரும் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரருக்கு டீ கொடுக்கும்போது சொன்னேன்.

"மேஸ்திரிக்குத் தெரியும்ங்க. உங்க காலு. அதான் கோடிப் பாத்தி."

"போம்மே" என்றார். சிரிக்கப் பார்த்தார். டீயைக் குடித்தார். உப்பளத்தின் கடைசிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு அவருக்குள்ளேயே சொல்லிக்கொள்கிற மாதிரி, "கோடிப் பாத்தி" என்றார். அவ்வளவுதான். அந்த நாளுக்குப் பிறகு மீசைக் கதையை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ஆள் வந்து, "அந்த மீசைக் கதையை எடுத்து விடுங்க பெரியவரே" என்று கேட்டபோதும், மறந்துவிட்டது என்றார்.

கேம்புக்குப் போகிற அன்று மகனை அழைத்துப் போக ஒரு பையன் பைக்கில் வந்தான். அதுதான் அந்த இரும்பைப் பையன். மீசை சரியாக முளைக்கவில்லை. நல்ல பிள்ளை, "ஆயா, நீங்க வெச்ச மீன் குழம்பைக் கோச் இன்னும் பேசிகினு இருக்கிறார்" என்றான். மகனின் பையை எடுத்துக்கொண்டு சிரித்தபடியே எங்கள் படியில் இறங்கினான். என் கண் தானாக அவன் காலுக்குப் போனது. இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. எதற்கும் அவன் ரோட்டில் நின்ற வண்டிக்குப் போய்ச் சேரும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் கட்டையை ஊன்றிக்கொண்டு படிக்குப் பக்கத்தில் கீழே வந்து நின்றார். மகன் படியில் கால் வைக்கப் போனான், ஏதோ ஜோக்குச் சொல்ல வாயைத் திறந்தான்.

"சிரிக்காத" என்றார் அவன் அப்பா. "பிடிச்சிகினு இறங்கு. இங்க யாரும் பாக்கல."

மகன் திரும்பிப் பார்த்தான். பிறகு அப்பா தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, பக்கவாட்டில் இறங்கினான். ஒரு கால் இல்லாதவர் தாங்கிக்கொண்டு நின்றார். எல்லாப் படியையும் இறங்கி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இப்போது மேட்ச்சுகள் ஆரம்பித்துவிட்டன. டீம் தோற்கவில்லை என்கிறார்கள். ஊரில் எல்லாருக்கும் சந்தோஷம். டீக்கடையில் என் மகன் பேச்சுதான். அவன் தினமும் போன் பண்ணுகிறான். சிரித்துச் சிரித்துப் பேசுகிறான். போனில் சிரிப்பு மட்டும்தான் வருகிறது.

நான் எழுதியதில் விவரம் தப்பாக இருக்கலாம். விளையாட்டு தெரிந்தவர்கள் யாராவது படித்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள். ஸ்டாப்பர் என்பது சரியான சொல்தானா, பாதி சீசன் என்றால் எந்த மாதம் வரைக்கும் என்று பாருங்கள். கெட்டது இடது முட்டியா வலது முட்டியா என்பதும் எனக்குக் குழப்பம், எதிரே நின்றும் பின்னால் நின்றும் மாறி மாறிப் பார்த்ததால். அதை அவனிடம் கேட்காதீர்கள். இரண்டும் சூப்பர் என்பான். அவன் உட்கார்ந்து எழுந்திருக்கும்போது பக்கத்தில் இருந்து, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.